பவுத்தர் என்று எழுதிக்கொண்டவர்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தமிழ்ப் பவுத்தம் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுத்தாலே நம்முடைய தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணிமேகலை, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் சூடாமணி விகாரை, அப்புறம் சம்பந்தர் வந்தார், எல்லாம் முடிந்தது. அதோடு ஏட்டைக் கட்டிவிடுவார்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்தின பவுத்தர்களைப் பற்றிப் பேசினால் யாருக்கும் நட்டமில்லை பாருங்க. அவங்க வந்து யாரிடமும் பங்கு கேட்கப் போவதில்லை.

நான் பேச வந்திருப்பது 1898-க்குப் பிறகு இராயப்பேட்டையிலும் பெரம்பூரிலும் கோலார் தங்கவயலிலும் 'நாங்கள் பவுத்தர்கள்' என்று எழுதிக்கொடுத்த சனங்களைப் பற்றி. சாதி இந்துக்கள் இவர்களைப் பறையர் என்று அழைத்தார்கள். சுரங்கத்தில் இறங்கினவர்கள், துரை வீட்டு பட்லர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், சித்த வைத்தியர்கள். இவர்களுடைய வரலாற்றை எங்கே போய்த் தேடுவது? எந்தக் காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? இதுதான் இன்றைக்கு விசயம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1845-இல் பிறந்தவர். நீலகிரியில் இருந்தபோதே சங்கம் வைத்து வேலை செய்தவர். 1891-இல் திராவிட மகாஜன சபை. 1898-இல் பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியோடு, பிரம்மஞான சபை கர்னல் ஆல்காட்டின் துணையில், கொழும்புக்குப் போய் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். இராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கியது. 1907 ஜூன் 19-ஆம் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். அடுத்த வருசம் பைசா போய் 'தமிழன்' ஆனது. 1914-இல் சாகும்வரை அதை நடத்தினார். அதற்குப் பிறகு தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' பெயரை மறுபடி எடுத்து நடத்தினார். சங்கத்தின் கிளைகள் ரங்கூன் வரைக்கும், தென்னாப்பிரிக்கா வரைக்கும் போயின.

இதெல்லாம் இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் ரொம்ப காலத்துக்கு இது பொதுவெளியில் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு அயோத்திதாசர் பெயர் முதலில் தட்டுப்பட்டது எங்கே தெரியுங்களா? திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக்க'ளில். சின்ன வயதில் கால் முடங்கிக் கிடந்த தனக்கு இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தவர் என்று அவர் எழுதுகிறார். ஒரு பெரிய இயக்கத்தை நடத்தின மனிதர், இன்னொருத்தர் சுயசரிதையில் வைத்தியராக வந்து போகிறார். அந்த நன்றியையாவது திரு.வி.க. எழுதி வைத்தாரே என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, ஆவணக் காப்பகத்துக்குப் போவோம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்ட் ஆபீஸ். உள்ளே போன உடனே நீங்கள் கேட்கிற கோப்பு கைக்கு வராது. துறைவாரியாக, வருசவாரியாக அட்டவணைப் புத்தகங்கள் இருக்கும். ரெவின்யூ, ஜுடிசியல், பப்ளிக், எஜுகேசன் என்று. அதில் ஒரு தலைப்புச் சொல்லைப் பிடித்துத்தான் அரசாணை எண்ணுக்குப் போக முடியும். நம்ம தோழர்கள் நேரே 'பவுத்தர்' என்ற சொல்லைத் தேடுவார்கள். பெரும்பாலும் சிலைகள், கல்வெட்டு, அமராவதி, இப்படித்தான் வரும். உயிரோடு இருந்த பவுத்தன் அந்தத் தலைப்பில் அகப்படுவது அபூர்வம்.

அவனை எங்கே வைத்திருக்கிறான் சர்க்கார்? 'பறையர்' என்ற தலைப்பில். 'பஞ்சமர்' என்ற தலைப்பில். 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்பதில். 1922 மார்ச்சில் 817-ஆம் எண் அரசாணை வந்து 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுதச் சொன்ன பிறகு, அந்தச் சொல்லில். லேபர் கமிசனர் பதவி உண்டாக்கினபிறகு 'லேபர்' என்ற தலைப்பிலும்கூட. ஒரே ஆள், ஒரே சேரி. முப்பது வருசத்தில் நாலைந்து தலைப்பு மாறி உட்கார்ந்திருக்கிறான். அவன் தன்னை அழைத்துக்கொண்ட பெயர் மட்டும் அட்டவணையில் இல்லை. அதனால் தேடப் போகிறவர்கள் அவன் மேல் ஒட்டப்பட்ட பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். சங்கத்தின் பெயரே 'சாக்கிய', 'சாக்கைய', 'தென்னிந்திய' என்று பலமாதிரி வரும். இங்கிலீசில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் இன்னும் கெட்டுப்போகும்.

இந்தத் தலைப்பு விவகாரம் ஏதோ நூலகக்காரர்களின் பிரச்சனை என்று நினைக்காதீங்க. குடிமதிப்புக் கணக்கெடுப்பில்தான் இதன் அரசியல் முழுதாகத் தெரியும். கிராமத்தில் கணக்கெடுத்தது யார்? பெரும்பாலும் கர்ணமும் வாத்தியாரும். சேரிக்குள் கால் வைக்காமல் தெருமுனையில் நின்றே எழுதியிருக்கக்கூடிய ஆட்கள். மதம் என்று ஒரு காலம். கிறிஸ்தவன் இல்லை, முசல்மான் இல்லை, மலைவாசி இல்லை, அப்படியானால் இந்து. கோயிலுக்குள் விடமாட்டான், குளத்தில் இறங்க விடமாட்டான், கணக்கில் மட்டும் இந்து. நான் வங்கியில் குமாஸ்தா. எந்தத் தலைப்பிலும் சேராத தொகை வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அது யாருடையது என்று கண்டுபிடிக்கிறவரைக்கும் நம்முடையது என்று எழுதிக்கொள்ள மாட்டோம். கணக்கெடுப்பில் அந்த நாணயம்கூட இல்லை.

1911 கணக்கெடுப்புக்கு முன்னால் ஒரு சுவாரசியம் நடந்தது. கணக்கெடுப்பு ஆணையர் கெயிட் 1910-இல் ஒரு சுற்றறிக்கை விட்டார். யார் நிஜத்தில் இந்து என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பத்துக் கேள்வி. பார்ப்பானின் மேலாண்மையை மறுக்கிறானா, வேதத்தை ஒத்துக்கொள்ளவில்லையா, பார்ப்பனப் புரோகிதன் இவன் வீட்டுக்கு வருவதில்லையா, கோயிலுக்குள் விடுகிறார்களா, இவனால் தீட்டு உண்டா, பிணத்தைப் புதைக்கிறானா, மாட்டுக்கறி தின்கிறானா, இப்படி. மேல்சாதித் தலைவர்களுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இந்துக்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சதி என்றார்கள். அதுவரை தீண்டாதவன் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காதவர்கள், அவன் கணக்கிலிருந்து போய்விடுவான் என்றதும் எண்ண ஆரம்பித்தார்கள். இதே சமயத்தில் 'தமிழன்' இதழில் அயோத்திதாசர், பவுத்தர் என்று எழுதிக்கொடுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். மூன்று குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சர்க்கார் சுற்றறிக்கை, மேல்சாதியின் கூச்சல், சேரியின் வார இதழ். கணக்கெடுப்பு அறிக்கையின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தால் இந்தச் சண்டை நடந்ததே தெரியாது. ஒரு எண் இருக்கும். அந்த எண் எப்படி உண்டானது என்பது இருக்காது.

அடுத்தது ஆல்காட். அவருடைய நாட்குறிப்பு பிரசித்தமானது. அதை ஒட்டி அவர் எழுதிய நூலின் ஆறாம் தொகுதி 1898 வரைக்கும் வருகிறது. அடையாறு நூலகத்தில் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஒன்று. அதில் கதாநாயகர் ஆல்காட்தான். ஏழைப் பறையர்களுக்கு இரங்கி வழிகாட்டினவர் அவர், பின்னால் நடந்து போனவர்கள் நம்ம ஆட்கள். அயோத்திதாசர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. தாங்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த காரியத்துக்கு ஆல்காட்டைப் போய்ப் பிடித்தார்கள். பஞ்சமர் பள்ளிகளை அவர் நடத்தினது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்து மதம் மாறினான்' என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள், கேட்டது யார், கேட்கப்பட்டது யார் என்பதைத் திருப்பிப் போட்டுப் படிக்கிறார்கள்.

இப்போது 'தமிழன்' இதழ். இது பிழைத்ததே பெரிய கதை. சர்க்கார் நூலகமோ பல்கலைக்கழகமோ இதைப் போற்றி வைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற ஒன்றிரண்டு பேர் தங்கள் கைக்காசில், தங்கள் வீட்டில், கரையான் தின்னாமல் வைத்திருந்தார்கள். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் மூலம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தின வருசம் தமிழ்ப் பவுத்தம் பற்றி அவருடைய இங்கிலீசுப் புத்தகம் வந்தது. இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருத்தரும், அவரைத் தூக்குகிறவரும் சரி, தாக்குகிறவரும் சரி, இந்த வேலைக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் தொகுதி தொகுதிதான், இதழ் இதழ்தான். தொகுதியில் அவருடைய எழுத்து பொருள்வாரியாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கிறது. ஒரு சமூகத்தின் வரலாறு தலைவரின் கட்டுரையில் மட்டும் இல்லை. பக்கத்தின் அடியில் இருக்கிற விளம்பரத்தில், சந்தா கட்டினவர் பெயரில், எந்தக் கிளையில் யார் பேசினார், யார் வீட்டுக் கலியாணம் புரோகிதன் இல்லாமல் நடந்தது என்ற நாலு வரிச் செய்தியில் இருக்கிறது. அதைப் பார்க்க மூல இதழின் பிரதியைத்தான் தேடிப் போக வேண்டும். தலைவரை மட்டும் படித்தால் தலைவரின் வரலாறு கிடைக்கும். சந்தா கட்டின சுரங்கத் தொழிலாளி அதில் காணாமல் போவான். அவன் மனைவியோ அந்த இதழிலேயே பாதி காணாமல் போனவள்தான். 'இன்னாருடைய பாரியாள்' என்று வரும், பெயர் வராது. அந்தப் பெயரை வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வெள்ளைக்கார சர்க்கார் சுதேசிப் பத்திரிகைகளை வேவு பார்ப்பதற்காக, வாராவாரம் தமிழ், தெலுங்குப் பத்திரிகைகளிலிருந்து சுருக்கி இங்கிலீசில் ஓர் அறிக்கை தயாரித்தான். அது எழும்பூரில் இருக்கிறது. மூலம் தொலைந்துபோன எத்தனையோ தமிழ்ப் பத்திரிகைகளின் நாலு வரி அந்த வேவுக் காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்' பத்திரிகையைப் பற்றி ஆராய்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் மொழிபெயர்த்தவன் யார், எதை எடுத்தான், எதை விட்டான் என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டும். சர்க்காருக்கு ஆபத்து என்று தோன்றினதை எடுப்பான். சேரியில் பள்ளிக்கூடம் திறந்ததை ஏன் எடுக்கப் போகிறான்?

கொஞ்சம் கசப்பான விசயத்துக்கு வருகிறேன். 'பூர்வ பவுத்தர்' என்ற கருத்து. பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் ஆதியில் பவுத்தர்கள், வேஷ பிராமணர்களின் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அயோத்திதாசரின் வாதம். 'இந்திரர் தேச சரித்திரம்' முழுக்க அதுதான். இதை நம்ம தோழர்கள் பல பேர் மேடையில் நிரூபணமான உண்மையாகப் பேசுகிறார்கள். எதிரே நிற்கிற சாதி இந்து ஆய்வாளர், இது வெறும் கற்பனை என்று கையை உதறுகிறார். இரண்டு பேருமே காகிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கருத்து.

இரண்டு கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டில் யார் பவுத்தர்? இது ஒரு கேள்வி. 1898-இல் இந்த மக்கள் ஏன் தங்களைப் பூர்வ பவுத்தர் என்றார்கள்? இது இன்னொரு கேள்வி. இரண்டாவதுக்கு ஆவணம் குவிந்து கிடக்கிறது. அது நடந்த வரலாறு, ஓர் அரசியல் செயல். 'நான் மதம் மாறவில்லை, பறிபோனதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதில் எவ்வளவு தன்மானம் இருக்கிறது பாருங்க. ஆனால் இந்த இரண்டாவதைக் கொண்டுபோய் முதல் கேள்விக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. முதல் கேள்விக்குக் கல்வெட்டு வேண்டும், சிலை வேண்டும், நிலம் வேண்டும். அம்பேத்கரும் 1948-இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் பவுத்தத்தோடு தொடர்புபடுத்தி ஒரு கோட்பாடு சொன்னார். கெயிட் சுற்றறிக்கையை அவர் அங்கே பயன்படுத்துகிறார். ஆனால் முன்னுரையிலேயே, கண்ணிகள் விட்டுப்போன இடத்தில் ஊகிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார். அந்த நேர்மை நமக்கும் வேண்டாமா?

கல்லும் சும்மா இல்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொல்லி, 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. முனியப்பன், ரிஷி, சாமியார் என்று வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிற புத்தர்கள் சோழநாட்டு வயல்களில் இன்னும் இருக்கிறார்கள். சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் பத்தாவது பாட்டில் சமணரையும் பவுத்தரையும் ஏசுகிறாரே, அதுவும் ஓர் ஆவணம்தான். இல்லாதவனை யாரும் அத்தனை தடவை ஏச மாட்டான். இப்படி ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தால் முதல் கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் வரும். சிலை இருக்கிற இடத்துக்கும் சேரி இருக்கிற இடத்துக்கும் என்ன தொடர்பு என்று அளந்து பார்க்க வேண்டும். தொடர்பு இல்லை என்று வந்தால் அதையும் எழுத வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதுகிறார். 1812-இல் குறள் அச்சானது நமக்குத் தெரியும். எல்லிஸ் சென்னையில் இருந்ததும் தெரியும். நடுவில் பட்லர் கந்தப்பன். துரைமார் காகிதத்தில் பட்லருக்குப் பெயர் இருப்பது அபூர்வம். அங்கே இல்லை என்பதால் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேரன் சொன்னதால் மட்டும் நடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆய்வேட்டில் 'அயோத்திதாசர் எழுதுகிறார்' என்று போட்டு எழுதுங்கள். அந்த ஒரு சொல் நம்மைக் காப்பாற்றும்.

இதே நேர்மையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பவுத்தர்களாக இருந்ததால் பகைவர்களால் 'தாழ்த்தப்பட்டவர்கள்' என்று ஒரு சாராரையும், குறவர், வில்லியர், சக்கிலியர் ஆகியோரை இயல்பிலேயே 'தாழ்ந்தவர்கள்' என்று இன்னொரு சாராரையும் பண்டிதர் பிரித்து எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு அருந்ததியத் தோழர்கள் கேட்கிற கேள்வி நியாயமான கேள்வி. அந்தக் காலம் அப்படி என்று மழுப்புவதும், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவதும் ஆராய்ச்சி கிடையாது. சர்க்கார் ஆவணத்தில் நம்மை எப்படி எழுதினான் என்று கோபப்படுகிறோம். நம்ம ஆவணத்தில் நாம் யாரை எப்படி எழுதியிருக்கிறோம் என்று பார்க்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது?

தங்கவயலுக்கு வருகிறேன். என் கவலையெல்லாம் இப்போது அங்கேதான். சாம்பியன் ரீப், மாரிக்குப்பம், உரிகம். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பூமிக்கடியில் போய் வேலை செய்த சனங்கள். கர்ணமும் மிராசுதாரும் இல்லாத இடம். கூலி கையில் வந்தது. அங்கேதான் சங்கம் வேர்விட்டது. சித்தார்த்தா புத்தகசாலை என்று பதிப்பகமே நடத்தினார்கள். இந்த ஊர் மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்ததால் எழும்பூரில் இதைப் பற்றி அதிகம் அகப்படாது. பெங்களூரு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும், டெல்லியில் ரெசிடென்சிக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், வீடு வீடாகப் போக வேண்டும். 2001-இல் சுரங்கம் மூடியது. அதற்குப் பிறகு பிள்ளைகள் தினம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பல குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டன. காலி பண்ணும்போது தகரப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? எடைக்குப் போடுவார்கள். ஒரு பெரியம்மா எனக்குத் தன் மாமனார் கலியாணப் பத்திரிகையைக் காட்டினார்கள். பஞ்சசீலம் சொல்லி நடந்த கலியாணம். 'இதைப் போய் யாருப்பா கேக்கப் போறாங்க' என்றார்கள். பத்திரிகையின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தது. அதனால்தான் அது பிழைத்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது என்ன பயன் என்று ஒரு தோழர் தேநீர் நேரத்தில் கேட்டார். காகிதம் என்ன செய்யும் என்பதற்குப் பஞ்சமி நிலமே சாட்சி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதின அறிக்கையும் அதற்கடுத்த 1892 அரசாணையும் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. அதைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் இது எங்க நிலம் என்று கேட்க முடிந்தது. 1994-இல் காரணையில் அதைக் கேட்டதற்குத்தான் ஜான் தாமசையும் ஏழுமலையையும் சுட்டுக் கொன்றார்கள்.

மதக் காலமும் அப்படித்தான். 1950 ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியருக்கு வாசல் திறந்தார்கள். அதே வருசம் அக்டோபரில் நாக்பூரில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கில் பவுத்தம் ஏற்றார்கள். அவர்களுக்கு அந்த வாசல் திறக்க 1990 ஆயிற்று. சட்டம் மாறியும் தாசில்தார் ஆபீசில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று எழுதுகிற கை மாறவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பவுத்தர் 11,000 சொச்சம். ஏழு கோடிக்கு மேல் சனத்தொகையில். அந்த எண் எப்படி உண்டானது, யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம், அவர் என்ன எழுதினார்? 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027-க்கு என்று 2025-இல் அறிவித்தார்கள். சாதியும் கேட்கப்படும் என்றார்கள். கெயிட் காலத்துச் சண்டையைப் படித்துவிட்டு அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பதும் படிக்காமல் நிற்பதும் ஒன்று இல்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்குச் சில விசயம். எழும்பூருக்குப் போகிற மாணவர்கள் துறைத்தலைவரின் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், வாசலில் நின்று திரும்பி வராதீங்க. வீடுகளுக்குப் போகும்போது மூலக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் சொத்து. நம்ம ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராத கதை ஊர் ஊராக இருக்கிறது. அங்கேயே வைத்து, வெளிச்சத்தில், போனில் படமெடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீங்க, பின்பக்கமும் எடுங்க. யார் வீடு, எந்தத் தேதி, காகிதத்தில் இருக்கிறவர் இவருக்கு என்ன உறவு என்று அன்றைக்கே எழுதுங்கள். பாட்டிமார் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்காதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு மாரிக்குப்பம் போகிறோம். பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும். தங்க இடம் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்கு அவரவர் காசு. இங்கிலீசுக் கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர், கன்னடம் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.